கடலைப் பார்த்து எரியும் விளக்குகள்

தை, மாசி மாதங்களில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் நள்ளிரவுக்கு மேல் ஒரு சிறு கூட்டம் நடந்துபோகும். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டுத் திரும்பிய தடத்தைத் தேடிப் போகிறவர்கள். தடம் கிடைத்தால் குழியைக் கண்டுபிடித்து, சுமார் நூறு முட்டைகளை அலுங்காமல் எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைப்பார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. வனத்துறையும் செய்கிறது.

முட்டையை ஏன் இடம் மாற்ற வேண்டும்? குழி தோண்டவும் மூடவும் அந்த ஆமைக்குத் தெரியாதா? நாய்கள் கிளறும், மனிதர்கள் எடுத்துப்போவார்கள் என்பதெல்லாம் உண்மை. இன்னொரு காரணம் நம் மொட்டைமாடியில் விடியவிடிய எரிந்துகொண்டிருக்கிறது.

சுமார் ஐம்பது நாளில் குஞ்சு பொரிந்து, மணல் குளிர்ந்த இரவு நேரத்தில் மேலே வரும். தாய் பக்கத்தில் இருக்காது. வழிகாட்ட அதற்கு ஒரே ஒரு விதிதான்: தாழ்வாக, வெளிச்சமாகத் தெரியும் திசைக்குப் போ. மணல்மேடும் மரங்களும் இருண்டு நிற்க, வானத்து ஒளியை வாங்கிப் பளபளத்தது கடல். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த விதி பொய்த்ததில்லை. இன்று கடலைவிட ஊர் வெளிச்சமாக இருக்கிறது. குஞ்சு ஊரைப் பார்த்து ஊர்கிறது. விடிவதற்குள் நாயோ வண்டிச் சக்கரமோ முடித்துவிடும். மிஞ்சியதைக் காலையில் காக்கையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். வெளிச்சமான கரையில் ஏறவே தாய் ஆமைகளும் தயங்குகின்றன.

ஆமைகளின் முதல் எதிரி விளக்கல்ல, இழுவலை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை பெரும்பாலும் வலையில் சிக்கி மூச்சுமுட்டியவை. அதைத் தடுக்க அரசும் நீதிமன்றமும் மீனவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். விளக்குக்கு அவ்வளவு பெரிய பஞ்சாயத்து வேண்டாம். ஆற்றில் கலந்த சாயக்கழிவை எடுக்க ஒரு தலைமுறை ஆகும். அணைத்த விளக்கின் மாசு அந்த நொடியே போய்விடும்.

அப்படியும் ஏன் அணைக்க மாட்டோம் என்கிறோம்? எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது வந்த முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்: “லைட்டை அணைச்சா திருடன் வருவானே சார்?” கடைசி வரிசையில் நின்ற வாட்ச்மேன் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அந்த ஃபோகஸ் லைட்டு என் கண்ணுலதாங்க அடிக்குது. அதுக்குப் பின்னாடி எவன் நின்னாலும் எனக்குத் தெரியாது.” கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. திருடனுக்காகப் போட்ட விளக்கு காவல்காரரின் கண்ணைக் கட்டியிருந்தது. கூசும் வெளிச்சத்துக்கு அப்பால் நிழல் இன்னும் கறுப்பாகிவிடுகிறது. விழி அதைத் துழாவ முடியாமல் தவிக்கிறது.

“பொம்பளைங்க ராத்திரி வர்ற தெரு இது” என்றார் ஒரு அம்மா. அவர் சொன்னதும் நியாயம். தெருவுக்கு விளக்கு வேண்டும். ஆனால் அது தெருவில் விழ வேண்டும். மேலே மூடியில்லாமல் பக்கவாட்டில் பரவும் விளக்கு, நாம் பணம் கட்டும் மின்சாரத்தில் ஒரு பங்கை வானத்துக்கும் எதிர்வீட்டுப் படுக்கையறைக்கும் அனுப்புகிறது. குப்பத்துச் சந்தில் கழிப்பறைக்குப் போகும் வழியில் பல்பு எரியாமல் கிடக்க, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணை வீட்டில் ஆளில்லாத இரவிலும் தென்னை மரங்களுக்கு அடியிலிருந்து விளக்கடிக்கிறார்கள். குறைக்க வேண்டிய வெளிச்சம் எது என்பதில் யாருக்கும் குழப்பம் வரத் தேவையில்லை.

நிறமும் முக்கியம். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டோம். மின்சாரம் மிச்சமானது, மிச்சமான தைரியத்தில் கூடுதலாக நாலு விளக்கும் போட்டோம். வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம். காற்றில் அதிகம் சிதறுவதும் நீலம்தான், ஆமைக்குஞ்சை அதிகம் இழுப்பதும் நீலம்தான். அதே எல்.இ.டி. இளமஞ்சளிலும் கிடைக்கிறது.

ஆமை இல்லாத ஊருக்கும் இதில் பங்குண்டு. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கைத் தொகுத்து, இரவு வானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் வெளுத்துவருவதாக 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பிறந்தபோது 250 நட்சத்திரம் தெரிந்த ஊரில், அந்தக் குழந்தைக்கு 18 வயதாகும்போது 100தான் தெரியும் என்பது அதன் பொருள்.

மாற முடியுமா என்றால், லடாக்கில் ஹான்லே என்ற மலைக்கிராமம் மாறியிருக்கிறது. அங்கே இந்திய வானியற்பியல் மையத்தின் தொலைநோக்கிகள் இருக்கின்றன. 2022இல் சுற்றுவட்டாரத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். விளக்குகளுக்கு மூடி, ஜன்னல்களுக்குக் கனத்த திரை, வண்டிகளுக்குத் தாழ்ந்த ஒளி. பதிலுக்கு ஊர்க்காரர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். வருகிற விருந்தினருக்கு வானத்தைக் காட்டி அவர்கள் வருமானம் பார்க்கிறார்கள். இருட்டைக் காப்பது அந்த ஊருக்குப் பிழைப்பாகிவிட்டதால் அதிகாரி வந்து அதட்ட வேண்டியதில்லை.

எங்கள் கட்டடம் ஹான்லே ஆகிவிடவில்லை. கடல் பக்க மாடிவிளக்குகளை ஜனவரி முதல் மே வரை இரவு பத்து மணிக்கு அணைப்பது, வாசல் ஃபோகஸ் லைட்டைக் கீழ்நோக்கித் திருப்புவது, கார் நிறுத்தத்தில் ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற சென்சார் வைப்பது என்று முடிவானது. மூன்றாவது இன்னும் ‘கொட்டேஷன் வாங்குகிறோம்’ என்ற நிலையில் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் செலவு, ஏணி பிடிக்க ஓர் ஆள்.

கடலோரம் குடியிருப்பவர்கள் சங்கக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு மணலில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். எரிகிற பல்பே நேராகக் கண்ணில் பட்டால், தரையோடு தரையாக ஊர்கிற குஞ்சுக்கும் அது தெரிகிறது என்று பொருள். அணையுங்கள், அணைக்க முடியாது என்றால் மூடி போடுங்கள், திருப்புங்கள், மஞ்சளாக்குங்கள். முட்டையைச் சுமந்து இரவெல்லாம் நடக்கிற அந்தப் பிள்ளைகளுக்குக் கைதட்டுவதைவிட இது உபயோகமான உதவி.