லாரி கேபினில் ஏசி கட்டாயம்: ஓட்டும்போது சரி, தூங்கும்போது?

புதிதாகத் தயாரிக்கப்படும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் சரக்கு வாகனங்களுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதி இது. இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து வறுத்தெடுக்கும் கேபினில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால், வண்டி ஏசி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், இந்த விதி தொடாத ஓர் இடம் தெரியவரும்.

ஏசி குளிரை உருவாக்குகிறதா?

இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். சானிடைசர் தடவினால் கை ஜில்லுனு இருக்குமே, ஏன்? ஆவியாகும் திரவம் கையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இங்கேயும் அதே கதைதான்.

வண்டி ஏசிகளில் பரவலாகப் பயன்படும் 'ஆர்-134ஏ', சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

- எவாப்பரேட்டர்: டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். இங்கே திரவம் ஆவியாகி, கேபின் காற்றின் சூட்டை இழுத்துக்கொள்ளும்.
- கம்ப்ரஸர்: அந்த ஆவியை அழுத்தித் தள்ளும்.
- கண்டென்சர்: சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டு, ஆவி மறுபடி திரவமாகும்.
- எக்ஸ்பான்ஷன் வால்வு: அழுத்தத்தைக் குறைத்து, திரவத்தை எவாப்பரேட்டருக்கு அனுப்பும்.

சிக்கல் எங்கே?

டீசல் லாரியில் கம்ப்ரஸரைச் சுழற்றுவது இன்ஜின். அது நின்றால் கம்ப்ரஸரும் நின்றுவிடும். ஏசியில் வெறும் காற்றுதான் வரும்.

நாமக்கல்லில் இருந்து வடமாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் பலர் கேபினில்தான் தூங்குகிறார்கள். இரவெல்லாம் ஓட்டிவிட்டு, மே மாதப் பகலில் நாக்பூர் பக்கம் வண்டியை ஓரங்கட்டினால் இரண்டே வழி. ஜன்னலைத் திறந்துவைத்து வேர்வையில் புரளலாம். அல்லது இன்ஜினை ஓடவிட்டு டீசலை எரிக்கலாம். இரண்டாவதில் உயிர் ஆபத்தும் உண்டு. புகைக்குழாயில் கசிவு இருந்தால், மூடிய கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு புகுந்துவிடும். நிறமும் மணமும் இல்லாத வாயு என்பதால், தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

தீர்வு இருக்கிறதா?

இருக்கிறது. இன்ஜினை அணைத்த பிறகும் பேட்டரியில் ஓடும் 'பார்க்கிங் ஏசி' சந்தையில் கிடைக்கிறது. ஆனால் விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுக்கோ இந்த விதியே பொருந்தாது.

ஓட்டுநரின் தூக்கம் கெட்டால், அந்த ஆபத்து அவரோடு நிற்காது. நெடுஞ்சாலையில் அந்த லாரிக்கு முன்னும் பின்னும் போகும் நம் எல்லோருக்கும்தான்.