நாலடி மணல்

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கும்போது பின்னாலேயே கடைகளும் வந்துவிடுகின்றன. இந்த முறை வில்லியனூர் சுடுமண் பொம்மை தேடி நடந்தேன். வரிசையாக அச்சில் வார்த்த பிளாஸ்டர் பிள்ளையார்கள். கடைசியில் ஒரே ஒரு மண் பொம்மைக் கடை.

மண் குதிரையைக் காயவைத்துச் சூளையில் சுட்டெடுக்க நாள்கணக்காகும். பிளாஸ்டர் அரை மணியில் அச்சிலிருந்து கழன்றுவிடும். தரை வாடகை மட்டும் இருவருக்கும் ஒன்றே.

"கைக்கு ஒண்ணும் நிக்கல சார். அடுத்த வருசம் நானும் பிளாஸ்டர்தான்."

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் காகிதம் நாலடி மணலைக்கூட வாங்கித் தரவில்லை. மக்கள் கேட்பதைத்தானே விற்கிறோம் என்பார்கள். பொய். கண்ணில் படாததை எவன் கேட்பான்? கைவேலைக்கு வாடகையில்லாமல் ஒரு வரிசை ஒதுக்குங்கள், அப்புறம் ரசனை பற்றிப் பேசலாம்.

நானும் பேரம் பேசித்தான் அந்தக் குதிரையை வாங்கினேன். முப்பது ரூபாய் குறைத்தார்.