"ஆக்‌ஷன் மட்டும்தானே" என்று சொன்னால் நம்பாதீர்கள்

  

என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார். மகள் கல்லூரியில் என்.சி.சி. பாயிண்ட் 22 ரைபிளில் நன்றாகச் சுடுகிறாள் என்று முகாமில் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். போன வாரம் போன் செய்தார். "சார், அன்ஷூட்ஸ்னு ஜெர்மன்காரன் செஞ்ச ஆக்‌ஷன் ஒண்ணு பழசு விலைக்கு வருது. குழல், கட்டை எல்லாம் பிற்பாடு போட்டுக்கலாமாம். முழுத் துப்பாக்கி இல்லைங்கிறதால லைசென்ஸ் தொந்தரவும் கிடையாதாம். பூண்டு வித்த காசு இருக்கு, குடுத்துரட்டுமா?"

கொடுக்காதே என்று சொன்னேன். அவரோடு இது நிற்கப்போவதில்லை என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆக்‌ஷன் என்றால் என்ன? தோட்டாவை அறைக்குள் தள்ளி, பூட்டி, ஊசியால் தட்டி, வெற்று உறையை வெளியே இழுத்துப் போடும் பகுதி. போல்ட்டும் அது ஓடுகிற ரிசீவரும் சேர்ந்தது. ரைபிளின் உயிர் அங்கேதான். உல்ம் நகரத்து அன்ஷூட்ஸ் கம்பெனியின் '54' ஆக்‌ஷன் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போட்டிக் களங்களில் இருக்கிறது. நன்றாக வைத்துக்கொண்டால் தலைமுறை தாண்டும். அதனால் வெளிநாடுகளில் பழைய ஆக்‌ஷனை மலிவாக வாங்கி, புதுக் குழல் மாட்டி, கைக்கு ஏற்ற கட்டை போட்டுச் சுடுகிறார்கள். அங்கே அது புத்திசாலித்தனம். அதே யோசனையை இங்கே தூக்கிக்கொண்டு வந்து பூண்டு விவசாயியிடம் விற்பது அயோக்கியத்தனம்.

ஏன் என்று சட்டத்தைப் பாருங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே துப்பாக்கியின் பாகங்களையும் சேர்த்திருக்கிறது. ஆக்‌ஷன் தனியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டுவரை சிறை. அதில் குழல் மாட்டித் தருகிற மெக்கானிக்குக்கும் தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள தனிநபர் தன் துப்பாக்கியை விற்கவே, வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். "நாளைக்கே பணம், நாளைக்கே பொருள்" என்கிறவன் எதை விற்கிறான் என்று நீங்களே யோசியுங்கள்.

நம் மலைக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி உரிமம் கொடுப்பதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நம் ஊர்களில் பெரும்பாலானவை அந்த வட்டத்துக்குள்தான். காட்டுமாடு வீட்டு வாசலில் நிற்கும் ஊர் இது. நாட்டுத் துப்பாக்கி வேட்டைக்காரர்களால் வனத்துறைக்கு இருக்கும் எரிச்சலும் நியாயமானது. இந்த நிலையில் ஒரு விவசாயி வீட்டுப் பரணில் போல்ட்டும் ரிசீவரும் கிடந்தால், "மகள் போட்டிக்குச் சுடுகிறாள்" என்பதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

சரி, எல்லாம் முறைப்படி செய்து உரிமத்தோடு வாங்குகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். இந்த விலை எதற்கு? 1980களின் நடுவில் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. அதன்பின் தேசிய ரைபிள் சங்கத்தின் வழியாக, போட்டியில் குறிப்பிட்ட தகுதி எட்டியவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கிறது. தகுதி எட்டத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கி வாங்கத் தகுதி வேண்டும். இந்த இடுக்கில் நின்றுகொண்டுதான் தரகன் விலை சொல்கிறான். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இரும்புக்கு இல்லை, தட்டுப்பாட்டுக்கு. நம் பனியில் எண்ணெய் போடாமல் ஒரு மழைக்காலம் கிடந்த குழல் உள்ளே துருப்பிடித்திருக்கும். அதை விளக்கடித்துப் பார்க்கக்கூடத் தெரியாத வீட்டில், தகப்பன் லட்சங்களை எண்ணிக் கொடுக்கிறார்.

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பையன், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அவர் அப்பா பள்ளி ஆசிரியர், மகனுக்குத் தோட்டா வாங்கவே கடன் எடுத்தவர். பத்திரிகைகள் அதைத் தியாகம் என்று கொண்டாடின. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. வாத்தியார் சம்பளம் என்ன என்று எனக்குத் தெரியும். பதக்கம் வந்ததால் அந்தக் கடன் நமக்குத் தெரிந்தது. பதக்கம் வராத வீடுகளின் கடனை எந்தப் பத்திரிகை எழுதியது?

என் கோரிக்கை ஒன்றுதான். பழைய போட்டித் துப்பாக்கிகள் தனிமனிதர் பீரோவுக்குப் போகக்கூடாது, கிளப்புக்குப் போக வேண்டும். விளையாட்டை விட்டவர்கள், வயதானவர்கள் வீடுகளில் நல்ல ரைபிள்கள் சும்மா கிடக்கின்றன. ரைபிள் கிளப்புகளுக்கென்று தனி உரிமத்துக்கு விதிகளில் இடம் இருக்கிறது. அரசு நியாயமான விலை கொடுத்து அவற்றை வாங்கி, உரிமம் உள்ள கம்மியரிடம் சரிபார்த்து, மதுரை, கோவை போன்ற ஊர்க் கிளப்புகளின் ஆயுத அறையில் பூட்டி வைக்கட்டும். திறமை உள்ள பிள்ளைகள் அங்கே போய் எடுத்துச் சுடட்டும். 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இதற்கு ஒரு பங்கு ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

"ரைபிள் அவரவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும் சார், பொதுத் துப்பாக்கி சரிப்படாது" என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். தேசிய அணிக்குப் போகிறவருக்கு அது உண்மை. 50 மீட்டரில் பத்தாவது வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அந்த மட்டத்தில் ஒவ்வொரு நூலும் கணக்குத்தான். ஆனால் தோள்தட்டும் கன்னப்பலகையும் திருகினால் நகரும்படிதான் போட்டிக் கட்டைகள் வருகின்றன. முதல் சில வருடங்களுக்கு அது போதும். யாரும் முதல் நாளே சொந்த வீணையோடு பாட்டு வகுப்புக்குப் போவதில்லை.

அதுவரை மலைப்பிள்ளைகள் என்ன செய்வது? 10 மீட்டர் ஏர் ரைபிள் இருக்கிறது. 4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்குள் விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் ரைபிளின் விசை அதில் பாதிகூட வராது. ஒரு நீள வகுப்பறை, பின்னால் குண்டு தாங்கும் தடுப்பு, பொறுப்பான ஒரு ஆசிரியர், ஒரு பூட்டு இருந்தால் தொடங்கிவிடலாம். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் போனதும் இதில்தான்.

பழைய ஏர் ரைபிள் வாங்குவோருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிப் பளபளப்பைப் பார்க்காதீர்கள், முதலில் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் தாங்குகிற உருளை அது. பத்து வருட ஆயுள் முடிந்த சிலிண்டரைச் சர்வதேசப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். தேதி போயிருந்தால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

கிளப்புகளுக்குப் பழைய ரைபிள்களை வாங்கித் தரவும், மலையில் இரண்டு அரசுப் பள்ளிகளில் ஏர் ரைபிள் தளம் அமைக்கவும் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் பெற்றோர்கள் கமெண்டில் ஊர் பெயரை மட்டும் போடுங்கள், ஞாயிறு மாலைக்குள் நானே தொடர்பு கொள்கிறேன். ஆக்‌ஷன் விலைக்கு இருக்கிறது என்று கமெண்டில் யாராவது வந்தால் அழித்துவிடுவேன்.