காசு கொடுத்து வாங்கிய சாமான் யாருடையது?



நேற்று நம் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வொய்ஸ் ஓடியது. டவுனில் கேம் மெஷின் திருத்தும் தம்பியைப் பற்றி. "சிப் அடிக்கிறவன் கள்ளன், அவன்ட கடைக்குப் புள்ளைகள அனுப்பாதீங்க" என்று. குழுவில் பதில் போட்டால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது எனக்குத் தெரியும். என் மாணவன் ஒருவனுக்கு மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேஸ்டேஷன் 2. டிஸ்க் வாசிக்கும் லென்ஸ் போய்விட்டது. சோனி அதன் உற்பத்தியை 2013இல் நிறுத்தியது. 2018இல் ஜப்பானில்கூட ரிப்பேருக்கு எடுப்பதை நிறுத்தியது. அந்தத் தம்பி மெமரி கார்டில் ஒரு மென்பொருளை ஏற்றி, பையனின் சொந்த டிஸ்க்குகளைப் பிரதி எடுத்து, பென் டிரைவிலிருந்து ஓட வைத்தான். குப்பைக்குப் போக இருந்த சாமான் உயிர் பெற்றது. இதில் களவு எங்கே?

வொய்ஸ் போட்ட நானாவிடம் ஒரு கேள்வி. ஜப்பானிலிருந்து வந்த லொக் ஃபோனை அன்லொக் பண்ணித்தானே நம்மில் எத்தனையோ பேர் பாவிக்கிறோம்? அது ஹலால், இது ஹராமா?

"சொந்தக் காணியிலேயே லைசன் இல்லாமல் கல் தோண்ட முடியாதே" என்றார் இன்னொருவர். இரத்தினபுரி மாவட்டத்துக்காரருக்கு ஏற்ற உதாரணம்தான். ஆனால் அந்த லைசனைக் கொடுப்பது அரசு. பக்கத்துக் காணி சரியக்கூடாது, ஆறு கெடக்கூடாது என்பதற்காக. காணியை விற்றவர் பத்து வருடம் கழித்து வந்து "மண்வெட்டியைத் தொடாதே" என்றால் கேட்டுக்கொண்டிருப்பீர்களா? நின்டெண்டோ 2025 மே மாதம் அமெரிக்கப் பாவனையாளர்களுக்கான நிபந்தனைகளில், மெஷினை மாற்றியமைத்தால் அதை நிரந்தரமாகப் பயன்படாமல் செய்துவிடலாம் என்றே எழுதியது. விற்ற பிறகும் சாவி அவர்கள் கையில்!

"ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவது மார்க்கக் கடமை" என்கிறார்கள். சரி. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. நம் பிள்ளைகள் வேறு நாட்டு முகவரியைப் பொய்யாகப் போட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பொய் சொல்ல வைக்கும் ஒப்பந்தத்தைப் பற்றி ஏன் ஒரு வொய்ஸும் வரவில்லை?

இனி என் கட்சிக்காரத் தம்பிமாருக்கும் சொல்லவேண்டும். மெஷின் உங்களுடையது. கேம் உங்களுடையது அல்ல. நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் உழைத்த வேலையை இலவசமாக இறக்கி, பென் டிரைவில் நிரப்பி விற்பது களவுதான். படைத்தவரின் உரிமை பாதுகாக்கப்பட வேண்டியது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி முடிவு சொல்லிவிட்டது. "கம்பனி பணக்காரன்தானே" என்பது பதில் இல்லை. பணக்காரன் தோட்டத்துத் தேங்காயும் அவனுடையதுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய கணினி நிரலில் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைக்க உரிமையாளருக்கு இடம் தருகிறது. அதே சட்டம், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைக்கவென்றே செய்த கருவிகளை விற்பனைக்காக இறக்குமதி செய்வதைத் தடுக்கிறது. ஆகவே சிப் இறக்கி விற்கும் கடைக்காரர்கள் கவனமாக இருங்கள், அது விளையாட்டல்ல. தன் பழைய மெஷினின் ஸ்க்ரூவைக் கழற்றிய பிள்ளையையும் அவர்களையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

களவைக் களவென்று சொல்லுங்கள், நானும் கூட நிற்பேன். ஆனால் திருத்தத் தெரிந்தவனைக் கள்ளன் என்றால், நாளைக்கு நம் பிள்ளைகள் வாங்க மட்டுமே தெரிந்தவர்களாக வளர்வார்கள். அந்தத் தம்பியின் பெயர் நேற்று ஊர் முழுக்கக் கெட்டது. வொய்ஸ் போட்டவர் அதே குழுவில் இன்னொரு வொய்ஸ் போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

வஸ்ஸலாம்.