கால்டுவெல் எந்த ஊர்க்காரர்?

கால்டுவெல் பெயரைச் சொல்லாமல் நம் மன்றத்தில் ஒரு கூட்டமேனும் முடிந்ததுண்டா? "ஸ்காட்லாந்திலிருந்து வந்த செம்மல்" என்று ஒருவர் பேச்சைத் தொடங்குவார். "அயர்லாந்து ஈன்ற அறிஞர்" என்பார் அடுத்தவர். "ஆங்கிலேயராய்ப் பிறந்தும் அன்னைத் தமிழுக்கு உழைத்தவர்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். மூவருக்கும் கைதட்டல் ஒரே அளவாகவே கிடைக்கும். இம்மூன்றில் எது சரி என்று எவரும் எழுந்து கேட்பதில்லை.

எனக்குக் கேட்கத் தோன்றுகிறது, நண்பர்களே. "நீ எந்த ஊர்க்காரன்?" என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாத மண்ணில் பிறந்தவன் நான். பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் வீடு. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் நான் மலையாளத்தான். பாலக்காட்டுக் கடைவீதிக்குப் போனால் நான் பாண்டி. பாட்டன் காலத்தில் எங்கள் சித்தூர் வட்டம் கொச்சி அரசில் இருந்தது. ஆனால் பக்கத்துப் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரண்டும் கேரளம் ஆயின. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எல்லைதான் எங்களைச் சுற்றி நடமாடியது.

கால்டுவெல் கதையும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்தில், ஆன்ட்ரிம் கோட்டத்துக் கிளாடி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். பத்து வயதளவில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. இளமையில் ஓவியம் கற்கவென்று மறுபடியும் டப்ளின் சென்றார். பின்னர்ச் சமயப் பணியில் நாட்டம் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்று, 1838 சனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். 1841-இல் நீலகிரியைச் சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் கால்நடையாகவே, திருநெல்வேலிச் சீமையை அடைந்து இடையன்குடியில் தங்கினார். 1844-இல் நாகர்கோவிலில் வளர்ந்த எலைசா மால்ட் அம்மையாரை மணந்தார். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மையாரும் எங்களைப் போல எல்லைக்காரரே! 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் கோடைக்கானலில் உயிர் நீத்தார் கால்டுவெல்; உடலை இடையன்குடிக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலுமாகக் கழிந்தவை முதல் 23 ஆண்டுகள். நம் நாட்டில் கழிந்தவை 53. ஊர்க்காரர் என்பதைப் பிறப்பால் கணக்கிடுவதா, இருப்பால் கணக்கிடுவதா?

அவர் பிறந்த அதே 1814-இல், அதே அயர்லாந்தின் தென் கோடியில், கார்க் கோட்டத்து மாலோ என்னும் ஊரில் தாமஸ் டேவிஸ் என்பவர் பிறந்தார். 'நேஷன்' என்னும் இதழை நடத்தியோருள் ஒருவர். தாய்மொழியை இழந்த நாடு தன்னையே பாதி இழந்த நாடு என்னும் கருத்தை அயர்லாந்து மக்களின் செவியில் ஓயாது ஓதியவர். 1845-இல், முப்பது வயதிலேயே மறைந்தார். அவருக்குச் சில ஆண்டு மூத்தவர் ஜான் ஓ'டோனவன். 1806-இல் கில்கென்னிக் கோட்டத்தில் பிறந்தவர். அரசாங்கத்தார் அயர்லாந்து முழுவதையும் அளந்து படம் வரைந்த காலத்தில், ஊர்ப் பெயர்களை ஆராயும் வேலை அவரிடம் வந்தது. அவர் அலுவலகத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடவில்லை. கோட்டம் கோட்டமாகச் சென்று, முதியோரிடம் அமர்ந்து, "இந்தக் குன்றுக்கு என்ன பெயர்? உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 1845-இல் ஐரிய மொழிக்கு இலக்கணமும் வெளியிட்டார். படத்தில் ஏறியவை என்னவோ ஆங்கில வாய்க்கு ஏற்ப வளைத்த பெயர்களே. ஆனாலும் மக்கள் வாய்ப் பெயர்கள் ஓ'டோனவன் எழுதிய மடல்களிலும் ஏடுகளிலும் தங்கிவிட்டன.

அந்த முதியோர் பேசிய மொழி என்ன ஆயிற்று? 1831 முதல் ஏற்பட்ட தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே கற்பித்தார்கள். ஐரியம் பேசிய ஊர்கள் பலவற்றில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐரியச் சொல் வாயில் வரும்போதெல்லாம் குச்சியில் ஒரு கீறல். பிறகு கீறலை எண்ணி அடி. இக்கொடுமையைச் செய்தவர் ஆசிரியர் மட்டும் என்று எண்ணாதீர்கள். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று பெற்றோரே கீறலைப் போட்டார்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் கப்பலேறினர். ஐரியம் பேசிய ஏழைகளையே பஞ்சம் மிகுதியாகக் கொண்டு போயிற்று. 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரியம் அறிந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். மக்கள் தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த ஆண்டுகளில்தான் இடையன்குடியில் ஒப்பிலக்கணம் உருவாகிக்கொண்டிருந்தது. 1856-இல் முதற்பதிப்பு வந்தது. 1875-இல் விரிவான இரண்டாம் பதிப்பு. பிறந்த நாட்டில் ஒரு மொழி தேய்கிறது; அந்நாட்டில் பிறந்த ஒருவர் பல்லாயிரம் கல் தொலைவில் மற்றொரு மொழிக் குடும்பத்தின் வேரைத் துருவுகிறார். ஆன்ட்ரிமில் தேய்ந்ததைக் கண்டுதான் இடையன்குடியில் விழித்துக்கொண்டார் என்று கதை கட்ட நான் விரும்பவில்லை, கட்டுவோர் கட்டிக்கொள்ளட்டும்.

அவர் செய்த வேலையில் எல்லைக்காரனாகிய எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்றுண்டு. கீழ் என்பதிலிருந்து கிழக்கு; மேல் என்பதிலிருந்து மேற்கு. தமிழ்நாட்டில் மலை மேற்கே இருக்கிறது, நிலம் கிழக்கே சரிந்து கடலில் இறங்குகிறது. ஆகவே பெயர் பொருந்துகிறது. மலையாளத்தாருக்கோ மலை கிழக்கே, கடல் மேற்கே. அவர்கள் மலையிருக்கும் திசையை 'மேல்' என்றன்றோ சொல்ல வேண்டும்? அவர்களும் கிழக்கு என்றே சொல்லுகிறார்கள். மேற்குக்குப் 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். ஞாயிறு படும் திசை என்பது பொருள். இதைப் பிடித்துக்கொண்டார் கால்டுவெல். மலைக்குக் கிழக்கே வாழ்ந்தோரே இச்சொல்லைப் படைத்திருக்க முடியும்; அவர்கள் மலை தாண்டியபோது சொல்லையும் உடன் கொண்டு போனார்கள் என்று வாதிட்டார். மக்கள் போகாமல் சொல் மட்டும் போயிருக்கக் கூடாதா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும், நாள்தோறும் நாம் சொல்லி மறக்கும் ஒரு சொல்லை நிறுத்தி வைத்து "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்ட அந்தக் காதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இந்த வாதத்தை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாயில். எங்களுக்கு மலை வடக்கிலும் தெற்கிலும்தான். சித்தூர்ப் புழையோ மேற்கு நோக்கி இறங்கிப் பாரதப் புழையில் சேருகிறது. அப்படியானால் எங்களுக்குக் 'கீழ்' மேற்கே அல்லவா? தமிழ் பேசுவோர், மலையாளம் பேசுவோர் இருசாராரும் தண்ணீர் வருகிற மேட்டுத் திசையைக் 'கிழக்கு' என்று சொல்லிக்கொண்டு உழுகிறோம்.

இடுக்கி மாவட்டத்துக்கு வாருங்கள். அங்கே கதை இன்னும் சுவையாகிறது. மூணாற்றுத் தண்ணீர் முதிரைப்புழை வழியே பெரியாற்றில் விழுந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. அதே தேவிகுளம் வட்டத்தில், மறையூர், காந்தளூர் பக்கத்துப் பாம்பாறு கிழக்கே பாய்ந்து அமராவதியாகித் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. கேரளத்துக்குள் இருந்தும், கிழக்கு உண்மையாகவே கீழாக இருக்கும் ஊர்கள் அவை! அஞ்சுநாடு என்று வழங்கும் அவ்வூர் மக்கள் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அம்மலைகளில் வாழும் முதுவரும் மதுரையையே சுட்டுகின்றனர். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோர் குடும்பங்களோ பின்னாளில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவை. ஒரே வட்டத்தில் மூன்று காலத்துத் தமிழ்! கால்டுவெல் இறுதி மூச்சு விட்ட கோடைக்கானலிலிருந்து மேற்கே மலையோடு மலையாகப் போனால் வட்டவடை வந்துவிடும். 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் பன்னிரண்டு மொழிகளை எண்ணினார். முதுவர் பேச்சுக்கோ, எங்கள் அட்டப்பாடி இருளர் பேச்சுக்கோ அப்பன்னிரண்டில் தனி இடம் இல்லை. வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே நம்மவருக்கு ஒரு சொல். கால்டுவெல்லைத் தடியாக்கி அண்டை வீட்டானை அடிக்கும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. "மலையாளம் எங்கள் மகள்" என்று மார்தட்டுகிறோம். தமிழின் பழங்கிளை மலையாளம் என்று அவர் எழுதியது மெய். வந்தான், வந்தாள் என்னும் விகுதிகள் மலையாளத்தின் பழைய நூல்களில் இருந்து, பின்னர் உதிர்ந்து, எல்லோருக்கும் 'வந்நு' என்று ஆனதை எடுத்துக் காட்டினார். கேரள பாணினீயம் எழுதிய ஏ. ஆர். இராசராச வர்மாவும் 1896-இலும், திருத்திய பதிப்பில் 1917-இலும், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த முறையைத் தயக்கமின்றி விளக்கினார். ஆனால் இன்றைய மொழி நூலார் பலர் பழையதொரு பொது நிலையிலிருந்து இரண்டும் வளர்ந்தன என்றே கூறுகின்றனர். அந்தப் பழைய நிலை நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. சொல்லப்போனால், தென்மொழிகள் தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னரே, 1816-இல், எல்லிஸ் துரை எழுதிவிட்டார். கால்டுவெல் 1849-இல் சாணார் மக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அவர்களைத் தாழ்த்தி எழுதினார், அம்மக்கள் கொதித்தெழுந்தனர், இறுதியில் அந்நூலை அவரே திரும்பப் பெற நேர்ந்தது. மக்களின் சொல்லைக் கேட்கக் கூர்மையாயிருந்த காது, அம்மக்களின் மானத்தை அளக்கும்போது மந்தமாயிற்று. 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தோம், வைத்தது தகும். அவரைப் பிழையற்றவர் என்று கொள்வது தகாது.

இனி, நான் இதை எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். எல்லைப்புறத்திலிருந்து வரும் மாணவன் விடுதியில் வாய் திறந்தால் சிரிக்கிறார்கள். 'தூங்கு' என்னாமல் 'உறங்கு' என்கிறானாம். 'சொல்லு' என்னாமல் 'பறை' என்கிறானாம். நண்டை 'ஞண்டு' என்கிறானாம். சிரிப்பவர் யார்? முந்திய நாள் மாலை கால்டுவெல்லுக்கு மாலை போட்டவர்! பறைதல் என்றால் சொல்லுதல் என்று நம் அகராதியே கூறுகிறது. யாழ்ப்பாணத்தார் இன்றும் அப்படிப் பேசுகின்றனர். ஞண்டு பழந்தமிழ் வடிவம். எங்கள் வாயில் இச்சொற்கள் மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்டவையா, பழந்தமிழிலிருந்து விடாமல் வருபவையா? ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தாலன்றித் தெரியாது. சிரித்துவிட்டால் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. சிரிப்புக்கு அஞ்சி அந்த மாணவன் ஆறு மாதத்தில் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறான். விடுமுறைக்கு வீடு சென்றால் பாட்டியின் பேச்சு அவனுக்கே கொச்சையாகப் படுகிறது. கழுத்தில் குச்சி தொங்கவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு.

பள்ளியின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதி சிறுபான்மையர்க்கு வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. கேரளத்தில் தமிழர் அரசுடன் தமிழிலேயே கடிதம் எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்க, எங்கள் பக்கத்துப் பெற்றோர் பிள்ளையை மலையாளப் பள்ளிக்கோ ஆங்கிலப் பள்ளிக்கோ அனுப்புகிறார்கள். நான் அவர்களைக் குறை கூறேன். தமிழில் படித்தவனைப் பாலக்காட்டில் வேலைக்கு எடுப்பார் இல்லை. அவன் பேசும் தமிழைக் கோவையில் தமிழென்று ஒப்புவாரும் இல்லை. முன்னதை மாற்றுவது நம் கையில் இல்லை. பின்னது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

ஆகவே மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். வரும் விடுமுறையில், எல்லைப்புறத்திலிருந்து வந்து படிக்கும் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்வோம். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், அட்டப்பாடி, மறையூர், வட்டவடை, குமுளி என்று அவரவர் ஊர்ப் பக்கம். வயல், வாய்க்கால், பாறை, சோலை ஆகியவற்றுக்குப் பலகையில் எழுதிய பெயர் ஒன்று, பாட்டி சொல்லும் பெயர் ஒன்று. இரண்டையும் எழுத வேண்டும். திருத்தி எழுதக் கூடாது. கேட்டபடி எழுத வேண்டும். இருளர், முதுவர் ஊர்களுக்குச் செல்பவர் முதலில் அவர்களுடைய இசைவைக் கேட்க வேண்டும்; சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். மற்ற ஊர் நண்பர்கள் உடன் வந்தால் மகிழ்வோம். சோறும் இடமும் எங்கள் பொறுப்பு. குறிப்பேடுகளைச் செயலாளரிடம் கொடுத்தால் மன்ற நூலகத்தில், ஒப்பிலக்கணம் இருக்கும் அதே தட்டில் வைப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.