உறுமுகிற டப்பாவில் எதை வாங்குவது?

கிடார் வாசிக்கும் பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால், என்றாவது ஒரு நாள் 'ஃபஸ் பெடல்' என்ற பேச்சு உங்கள் காதில் விழும். காலால் மிதித்தால் வேலை செய்யும் ஒரு சின்ன இரும்பு டப்பா அது. எலக்ட்ரிக் கிடாரின் சுத்தமான நாதத்தை வாங்கி, கரகரவென்று உறும வைத்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். நல்ல சத்தத்தைக் கெடுக்க ஒரு மிஷினா, அதற்கு ஆயிரக்கணக்கில் விலையா என்று நம் வயதுக்காரர்கள் கேட்போம்.

என் மகள் வயிற்றுப் பேரன் கேட்டபோது எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் எழுந்தது. அவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. முகூர்த்த நாட்களில் கேட்டரிங்காரரோடு போய்ப் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம். ஒவ்வொரு ரூபாயும் இலைக்கு முன்னால் குனிந்து சம்பாதித்தது. "அப்புச்சி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றான் (அவன் அப்பா வீட்டு வழக்கப்படி நான் அப்புச்சி). அந்தப் பணம் வீணாகக் கூடாதே என்று நானும் படித்துப் பார்த்தேன், வாசிப்பவர்களைக் கேட்டேன். இப்போது எனக்கென்று உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. முதல் ஃபஸ், இரண்டே திருகு உள்ள சிலிக்கான் டிரான்சிஸ்டர் பெடலாக இருக்கட்டும். ஜெர்மானியமும் வேண்டாம், நூறு சத்தம் தரும் பெட்டியும் வேண்டாம்.

முதலில் அந்த 'சத்தத்தைக் கெடுப்பது' என்ற குற்றச்சாட்டைப் பார்த்துவிடுவோம். மாரியம்மன் நோம்பியில் உறுமி கேட்காதவர் நம் கொங்கு நாட்டில் யார்? வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த அடித்தொண்டை முனகலை எழுப்புவார்கள். அதைச் சுத்தமான நாதம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த முனகல் எழும்போதுதான் கூட்டத்துக்கு மயிர்க்கூச்செறிகிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலிழையை நுழைத்து, மெல்ல மெல்ல நகர்த்துவார்கள். அதற்கு 'ஜீவா' என்று பெயர். நூல் இல்லாத தந்தி மொட்டையாக ஒலிக்கும். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் ரீங்காரம் எழும். கிடார் பையன்கள் தேடுவதும் இந்த உறவுக்காரச் சத்தத்தைத்தான்.

ஆங்கிலத்தில் 'ஃபஸ்' என்றால் பிசிறு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வகைப் பெடல்களுக்கெல்லாம் 'சத்யுரசியோன்' என்பார்கள். இனி ஒரு சொட்டும் கொள்ளாத அளவுக்கு நிறைந்துபோவது என்று பொருள். உள்ளே நடப்பதும் அதுதான். தந்தியின் அதிர்வு மின் அலையாக, குன்று மாதிரி உருண்டையாக ஏறி இறங்கி வருகிறது. டிரான்சிஸ்டர் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. 9 வோல்ட் பேட்டரிக்கு மேல் அது எவ்வளவு உயர முடியும்? தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. குன்று போய் மொட்டைமாடி ஆகிவிடுகிறது. அப்படி வெட்டுப்படும்போது, மூல ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்வரங்களும் கூட்டமாகக் கிளம்புகின்றன. அந்தக் கூட்டம்தான் உறுமல்.

இது பிறந்த கதை வேடிக்கையானது. 1961-ல் அமெரிக்காவில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' என்ற இசைத்தட்டு வந்தது. நாஷ்வில் நகரில் அதைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் நடுவில் கரகரத்துவிட்டது. காரணம், ஒலிப்பதிவு மேஜையில் கெட்டுப்போயிருந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர். தெருவுக்குத் தெரு காயில் கட்டும் கடை உள்ள நம் கோவையாக இருந்தால், கழற்றி வைண்டிங்குக்கு அனுப்பியிருப்போம். ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடியோ, அந்தக் கெட்ட சத்தத்தை வேண்டுமென்றே தரும் ஒரு டிரான்சிஸ்டர் கருவியைச் செய்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று 1962-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தார். பித்தளை ஊதுவாத்தியங்கள் வரவேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளமாகத்தான் வாசித்தாராம். அதுவே பாட்டின் முகமாகிவிட்டது, கடைகளில் பெடலும் தீர்ந்துபோனது.

மறு ஆண்டு லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டப் பெடலைக் கொண்டுவந்தார். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வந்த வடிவம் அது. அதை உலகறியச் செய்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அவருடைய குழு முதன்முதலில் மேடையேறியது 1966 அக்டோபர் 13 அன்று, பிரான்ஸில் எவ்ரோ என்ற சிற்றூரில், எங்கள் ஜானி ஹாலிடேயின் கச்சேரிக்கு முன்னோட்டமாக! புதுச்சேரியில் படித்த எங்கள் கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் ஹாலிடேதான் பெரியவர். பின்னால் வந்தவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

நம் நாட்டுக்கும் இந்தச் சத்தம் தாமதமாக வரவில்லை. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிம்லா சிகரெட்டின் பெயரில் நடத்திய 'சிம்லா பீட்' போட்டிகளுக்கு 1970, 71-ல் இசைத்தட்டுகள் வந்தன. அவற்றில் நம் பையன்களின் கிடார்கள் உறுமுவதைக் கேட்கலாம்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். நம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் இருந்த ஏ.சி. 128 அதிலும் இருந்தது. மென்மையான, பஞ்சு போன்ற உறுமல் என்று அதற்குத் தனி மவுசு, அதனால் தனி விலை. ஆனால் ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே மின்கசிவு கூடும், குரல் மாறும். ஊட்டியில் ஒரு குரலும் சித்திரை மாத ஒண்டிப்புதூரில் வேறொரு குரலுமாகப் பேசும். தவிர, அந்தப் பழைய அமைப்பில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பூமி இணைப்பு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் போட முடியாது. கற்றுக்கொள்ளும் பையனுக்கு இந்தத் தலைவலி எதற்கு? சிலிக்கான் சற்றுக் காரமாக உறுமும். ஆனால் வெயிலுக்கு அசையாது.

மூன்று திருகு உள்ள 'பிக் மஃப்' வகையைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனி கண்டுபிடித்தது. தனியாக அறையில் வாசிக்கும்போது கோட்டைச் சுவர் மாதிரி கேட்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும், நடு ஸ்தாயி மெலிந்த சத்தம் என்பதால், கிடாரைத் தேட வேண்டியிருக்கும். மெல்லிசைக் குழுவில் பாட்டுக்குப் பாட்டு வேறு சத்தம் வேண்டியவர்களுக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி நியாயம்தான். கற்றுக்கொள்பவனுக்கு அதைக் கொடுத்தால், திருகித் திருகியே சாயங்காலம் போய்விடும்.

இரண்டு திருகு பெடலின் பெரிய லாபம் கிடாரில் இருக்கிறது. பெடலை முழு உறுமலில் வைத்துவிட்டு, கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் உறுமல் அடங்கி நாதம் தெளியும், கூட்டினால் திரும்ப எழும். விரலின் அழுத்தத்துக்குக்கூட அது பதில் சொல்லும். தவில்காரர் கை மாதிரி, பையனின் கை பழகுவது இங்கேதான். இதற்குப் பெடல், கிடாருக்கு அடுத்து முதலாவதாக இருக்க வேண்டும். நடுவில் வேறு பெடலைச் செருகினால் இந்தக் குணம் போய்விடக்கூடும்.

கடைக்குப் போகும்போது அவனுடைய சொந்தக் கிடாரையும், முடிந்தால் வீட்டு ஆம்ப்ளிஃபையரையும் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கடையின் பெரிய ஆம்ப்ளிஃபையரில் தேனாகக் கேட்பது, வீட்டுச் சின்னப் பெட்டியில் குளவியாகக் குடையும். அப்படிக் குடைந்தால் கிடாரின் டோன் திருகைக் குறைத்துப் பார்க்கலாம். பழைய பெடலாகக் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். ஃபஸ் ஃபேஸ் என்பதே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு திருகு, அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர் தெரிந்த யாரும் திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். என் பேரன் ஒன்றை வாங்கிவிட்டான்; இரண்டாவதைத் தானே சால்டரிங் செய்யப்போவதாகச் சொல்கிறான்.

ஒன்றை மட்டும் வீட்டிலிருப்பவர்கள் கவனித்துக்கொள்ளலாம். கிடார் வயரைப் பெடலில் செருகினாலே பேட்டரி இணைந்துவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் தீரும். இரவில் அந்த வயர் செருகியபடி கிடந்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள்.