பெயர்வெளியை அழிக்காதேங்கோ

எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை ஸ்கிரிப்ட் எழுதித் திருத்த வெளிக்கிடுகிற எவருக்கும் முதல் நாளிலேயே ஒரு புத்திமதி கிடைக்கும்: “மேல இருக்கிற எக்ஸ்எம்எல்என்எஸ் அறிவித்தலை அழிச்சுப்போட்டு வேலையைச் செய். கடைசியில திரும்ப ஒட்டு.” கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கெட்ட புத்திமதி எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். பழைய நூல்களையும் கடிதங்களையும் இலக்கமயப்படுத்துகிற எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆட்களுக்கு அது இன்னும் கெட்டது.

அந்த அறிவித்தல் என்ன செய்கிறது? ஊரில இரண்டு ராசன் இருந்தால் சங்கக்கடை ராசன், தபால்கந்தோர் ராசன் எண்டு பிரிச்சுச் சொல்லுவம். எக்ஸ்எம்எல்லிலும் அதே சிக்கல்தான். ‘டைட்டில்’ என்ற குறி எச்டிஎம்எல்லில் பக்கத்தின் தலைப்பு. எஸ்விஜி படத்தில் ஒரு வடிவத்துக்கான விளக்கப்பெயர். நூல்களைக் குறியிடும் டி.ஈ.ஐ முறையில் ஓர் ஆக்கத்தின் பெயர். மூன்றும் ஒரே கோப்பில் வரலாம். அதனால்தான் 1998 இல் எக்ஸ்எம்எல் வந்து ஒரு வருடத்துக்குள், 1999 ஜனவரியில், பெயர்வெளிக்கான விதிகளை டபிள்யூ3சி வெளியிட்டது.

அந்த விதிப்படி ஒவ்வொரு குறித்தொகுதிக்கும் இணைய முகவரி மாதிரியான ஒரு நீளப் பெயர் உண்டு. அதை ஒவ்வொரு தடவையும் எழுதேலாது. ஆகவே ஒரு சின்ன முன்னொட்டை அதற்குப் பதிலாக அறிவிக்கலாம். முன்னொட்டே இல்லாத குறிகளுக்கு இயல்புநிலைப் பெயர்வெளி ஒன்றையும் அறிவிக்கலாம். முன்னொட்டு பட்டப்பெயர் என்றால், முகவரி அடையாள அட்டை இலக்கம். கொம்பியூட்டர் அந்த முகவரிக்குப் போய் எதையும் பார்ப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். ‘எச்டிடிபி’ எண்டு இருப்பதை நல்லெண்ணத்தோடு ‘எச்டிடிபிஎஸ்’ ஆக்கினால் அது வேறு ஆள்.

இதை மதிக்காவிட்டால் வருகிற முதல் ஆபத்து சத்தமில்லாதது. டி.ஈ.ஐ கோப்புகளில் ஆட்பெயர்களைக் குறிக்க ‘பேர்ஸ்நேம்’ எண்டு ஒரு குறி இருக்கிறது. ஒரு கடிதத் தொகுப்பில் எத்தனை ஆட்பெயர்கள் எண்டு அறிய, முன்னொட்டில்லாமல் எக்ஸ்பாத்தில் அந்தக் குறியைத் தேடினால் வருகிற விடை 0. பிழைச் செய்தி ஒன்றும் வராது. எக்ஸ்பாத் 1.0 இல் முன்னொட்டில்லாத பெயர் என்றால் எந்தப் பெயர்வெளியையும் சேராத பெயர். கோப்பின் தலையில் இருக்கிற இயல்புநிலை அறிவித்தல் தேடலுக்குப் பொருந்தாது. ஆய்வு செய்கிறவருக்கு 0 என்பதும் ஒரு கண்டுபிடிப்புத்தான். “இந்தக் கடிதங்களில் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை” எண்டு அதை நம்பி எழுதிவிட்டால், இருந்த பெண்களை ஒரு ஸ்கிரிப்ட் இல்லாமல் ஆக்கிவிடும்.

இரண்டாவது, எழுதும்போது வருவது. பைதனோடு சேர்ந்தே வருகிற எலிமென்ட்ட்ரீ, கோப்பை வாசிக்கும்போது முகவரியை வைத்துக்கொண்டு முன்னொட்டை மறந்துவிடும். திரும்ப எழுதும்போது தானே ‘என்எஸ்0’, ‘என்எஸ்1’ எண்டு பட்டப்பெயர் வைக்கும். நீங்கள் ஒரு காற்புள்ளியைத்தான் மாற்றியிருப்பீர்கள். ஆனால் கோப்பு முழுக்க ஒவ்வொரு குறியும் மாறியிருக்கும். கருத்துக் குறிப்புகளையும் அது வழமையில் தூக்கி எறிந்துவிடும். “இந்தச் சொல் ஏட்டில் தெளிவில்லை” எண்டு ஒருவர் அப்படி எழுதி வைத்த குறிப்பு போனால் போனதுதான்.

இயந்திரத்துக்கு இரண்டு கோப்பும் ஒன்றுதானே எண்டு சிலர் கேட்பார்கள். குறிகளைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் கிட்டில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மனுசருக்கு ஒன்றில்லை. எல்லா வரியும் மாறியிருக்கிற இடத்தில் அந்த ஒரு காற்புள்ளியை எவர் கண்டுபிடிப்பார்? பாடத்தில் யார் எதை மாற்றினார் எண்டு காட்ட முடியாத பதிப்பை நாங்கள் எப்படி நம்புவது?

சில வேளை இயந்திரத்துக்கும் ஒன்றில்லை. வேர்ட்டின் டொக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். அதன் தலைக்குறியில், விளங்காவிட்டால் தவிர்க்கக்கூடிய தொகுதிகளின் முன்னொட்டுகள் ஒரு அட்ரிபியூட்டின் பெறுமதியாக, வெறும் எழுத்தாக எழுதப்பட்டிருக்கும். எலிமென்ட்ட்ரீக்கு அது முன்னொட்டு எண்டு தெரியாது. பயன்படாத அறிவித்தல் எண்டு நினைத்து விட்டுவிடும். பிறகு வேர்ட் அந்தக் கோப்பைப் பழுதடைந்தது எண்டு சொல்லும்.

சரி, அழித்துவிட்டுத் திரும்ப ஒட்டினால் என்ன? ஒரேயொரு பெயர்வெளி உள்ள கோப்பில் தப்பிவிடலாம். அறிவித்தல் தலையில் மட்டும்தான் வர வேண்டும் எண்டு விதியில்லை. நடுவில் எந்தக் குறியிலும் வரலாம், அந்தக் குறிக்குள் மட்டும் செல்லுபடியாகும். முன்னொட்டுக்கான அறிவித்தலை அழித்தால் முன்னொட்டு அநாதையாகும், பாசர் கோப்பை ஏற்காது. முன்னொட்டையும் சேர்த்து அழித்தால் மூன்று ‘டைட்டிலும்’ ஒன்றாகிவிடும். பிறகு எதை எங்கே ஒட்டுவது?

இத்தனைக்கும் சரியாகச் செய்வது பெரிய கஷ்டமில்லை. தேடும்போது நீங்களே ஒரு முன்னொட்டை அந்த முகவரிக்குக் கட்டிக் கொடுங்கள். கோப்பில் இருக்கிற அதே முன்னொட்டாக இருக்கத் தேவையில்லை, முகவரி மட்டும் பொருந்தினால் காணும். முன்னொட்டுகளையும் கருத்துக் குறிப்புகளையும் காப்பாற்ற வேண்டுமென்றால் எல்எக்ஸ்எம்எல்லைப் பாவியுங்கள். எலிமென்ட்ட்ரீதான் கதி என்றால், எழுத முதல் ரெஜிஸ்டர்_நேம்ஸ்பேஸ் மூலம் முன்னொட்டுகளைப் பதிந்துவிடுங்கள். புதிய குறியைச் சேர்க்கும்போது அதையும் அதே பெயர்வெளிக்குள் உருவாக்குங்கள். அப்படிச் செய்யாவிட்டால் டொட்நெட், பவர்ஷெல் போன்றவை உங்கள் புதிய குறியில் வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ் ஒன்றை எழுதிவிடும். ‘நான் இந்த வீட்டு ஆள் இல்லை’ எண்டு அந்தக் குறி சொல்கிறது எண்டுதான் அதன் அர்த்தம். அட்ரிபியூட்டுகளுக்கு இயல்புநிலைப் பெயர்வெளி பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது.

“நேரமில்லை, நாளைக்கு ஒப்படை குடுக்கோணும்” எண்டால் எங்களுக்கும் விளங்குது. ஆனால் ஒப்படை முடிந்த பிறகும் கோப்பு இருக்கும். நாளைக்கு அதைத் திறக்கிறவருக்கு, எந்தக் குறி எந்த முறைக்குரியது எண்டு சொல்ல அந்த அறிவித்தலை விட வேறு சாட்சி இராது. சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளில் இருந்து நூல்களை எப்படிப் பதிப்பித்தார் எண்டு பரீட்சைக்குப் படிக்கிற நாங்கள், எங்கடை கையில் இருக்கிற கோப்புக்கு அந்தக் கவனத்தில் கொஞ்சத்தையாவது கொடுக்க வேண்டாமா?

ஆகவே குழுவில் யாராவது திருத்துகிற ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொண்டுவந்தால், முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். எதையும் மாற்றாமல் கோப்பை வாசித்து அப்படியே திரும்ப எழுதச் சொல்லுங்கள். பிறகு எத்தனை வரி மாறியிருக்கிறது எண்டு எண்ணுங்கள். பெயர்வெளிகளும் குறிகளும் மாறியிருந்தால் அந்த ஸ்கிரிப்டை இன்னும் பாடத்தில் கை வைக்க விடாதீர்கள்.